ரவியின் மச்சான்

போயா தினம், பௌர்ணமி விடுமுறை இரவு.

இன்னும் கோபம் ஆறவில்லை. எங்கள் சித்திரக்கதை ரசிகர் வட்டத்தின் விருதுக்கு ரவி, ஃபஸ்மினா, நான் மூவரும்தான் நடுவர்கள். நடுவரின் உறவினர் யாராவது போட்டியிட்டால் அந்த நடுவர் விலகிக்கொள்ள வேண்டும். அந்த விதியை எழுதியதே ரவிதான்.

இன்று கண்டியில் திலீபனுக்கு விருதைக் கொடுத்துவிட்டு மண்டபத்தைப் பூட்டும்போது ஃபஸ்மினா சொன்னாள்: "திலீபன்ட வைஃப இப்பதான் கண்டேன். ரவிட தங்கச்சியாம்!"

ரவியை மறித்துக் கேட்டேன். அவன் கொஞ்சமும் கூசவில்லை.

"நான் எங்க மறைச்சேன்? உங்க எல்லார் முன்னாடியும் அவன மச்சான்னு தானே கூப்பிடுறேன்!"

கூப்பிட்டான்தான். என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறான். பஸ் கொண்டக்டரையும் அப்படித்தான் கூப்பிடுகிறான். அதில் நிஜ மச்சான் எவன் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? ஹுன்னஸ்கிரிய ஊரிலிருந்து போட்டிக்கு வந்து ஒரே ஒரு புள்ளியில் தோற்ற பிள்ளை, திலீபனுக்குக் கைதட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியது. அந்தப் புள்ளி யார் போட்டது என்று எனக்குத் தெரியும்.

இப்போது போனில் செய்தி அனுப்பியிருக்கிறான்: "கோவிச்சுக்காத மச்சான்."

எந்த மச்சான் என்று முதலில் அவன் சொல்லட்டும்.