லெக்ஸர் வீட்டுத் துப்பாக்கி

12 அக்டோபர் 1974, சனி

வேட்டைக்காரர் சங்கத்துக்காக ஊர் மதுவிடுதியில் துப்பாக்கி மதிப்பீடு. மொத்தம் பத்து. ஒன்பதில் பேச ஒன்றுமில்லை. பத்தாவதாக நோட்புர்கா லெக்ஸர், இறந்துபோன கணவர் உல்ரிஹின் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். மகளுக்குக் கொடுக்குமுன் மதிப்புத் தெரிய வேண்டுமாம். ஸ்டையர் கம்பெனியின் பழைய வேட்டைத் துப்பாக்கி. குழலின் நுனிவரை வால்நட் கட்டை, உள்ளே தோட்டாவைச் சுழற்றும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருந்தன. கைபட்ட இடத்தில் மட்டும் இரும்பின் கருநீலப் பூச்சு வெளுத்திருந்தது. யாரும் புதுசாக்குகிறேன் என்று கெடுக்கவில்லை. அருமை என்று சொல்ல வாயெடுத்தபடியே, தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டை உருவினேன். ஒரே எண் இருக்க வேண்டிய இடத்தில், உடலில் 31064. போல்ட்டில் 23817.

"போல்ட் வேற துப்பாக்கியோடது. ரெண்ட ஒண்ணாக்கி யாரோ தலையில கட்டியிருக்காங்க. பாதி விலைகூடப் போகாது" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

சங்கத்தில் எதற்கும் கேலி பேசும் கோர்பினியன் விடுவானா? "உல்ரிஹ் ஏமாந்தானா, இல்ல நம்மள ஏமாத்த வச்சிருந்தானா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

"அவர் புதுசா வாங்கினது, கிலியான். வேற யார் கையும் பட்டதில்ல" என்றார் நோட்புர்கா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றேன்.

13 அக்டோபர்

மழை. தலைவலி. நேற்று கொஞ்சம் அதிகம் குடித்துவிட்டேன்.

22 அக்டோபர், செவ்வாய்

காப்பீட்டுப் படிவம் நிரப்ப, அப்பா தன் துப்பாக்கியை வாங்கிய ரசீதை எடுத்தேன். எண் 23817.

எங்கே பார்த்தேன் இதை? மதிப்பீட்டு நோட்டைப் புரட்டினேன். சுவரிலிருந்து அப்பாவின் துப்பாக்கியை இறக்கி, போல்ட்டை உருவி, விளக்கடியில் பிடித்தேன். 31064.

மே 1945. பிரிட்டிஷ் சிப்பாய்கள் வீடு வீடாக ஆயுதம் பறித்தபோது அப்பாவும் அப்போது பக்கத்து வீட்டில் இருந்த உல்ரிஹும் ஒரே மாதிரியான தங்கள் துப்பாக்கிகளை வைக்கோலில் ஒளித்தார்கள். கிடைத்தாலும் சுட முடியக்கூடாது என்று இரண்டு போல்ட்டையும் கழற்றி ஒரே பால் கேனில் போட்டுப் புதைத்தார்கள். பிறகு தோண்டி, எண் பாராமல் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கதையை அதே விடுதியில் எத்தனை முறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்று மட்டும் ஏன் ஞாபகம் வரவில்லை?

ஊரார் துப்பாக்கியில் எண் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்பாவுடையதை வருடா வருடம் எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறேன், எண்ணைப் பார்த்ததே இல்லை. "எல்லா எண்ணும் சேரும்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பீற்றியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

25 அக்டோபர்

என் மனைவி கெர்ட்ராட் கடைவீதியில் கேட்டு வந்தாள். "லெக்ஸர் பொண்ணு அந்தத் துப்பாக்கியே வேணாம்னுட்டாளாம். அப்பாவுக்கு ஏமாத்துக்காரர்னு பேர் வாங்கித் தந்த சாமான் எனக்கெதுக்குன்னு கேட்டாளாம்." அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். "இன்னும் போய்ச் சொல்லலையா நீங்க?"

போனேன். வேலிவரை போனேன். நோட்புர்கா முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். காரைத் திருப்பிவிட்டேன்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை — இப்படியும் ஒரு நினைப்பு வருகிறதே. சே. என்ன மனுஷன் நான்?

3 நவம்பர், ஞாயிறு

வேட்டைக்காரர்களின் புனிதர் ஹூபர்ட் திருநாள். பூசைக்கு நோட்புர்கா வரவில்லை. எனக்குத் தெரிந்து அவர் வராதது இதுதான் முதல் தடவை.

பூசை முடிந்து விடுதியில் எல்லார் முன்னாலும் அப்பாவின் துப்பாக்கியை மேசைமேல் வைத்து, போல்ட்டை உருவிக் காட்டிச் சொன்னேன். உல்ரிஹ் யாரையும் ஏமாற்றவில்லை, தப்பு என்னுடையது என்று.

"அப்ப நீ பார்த்துச் சொன்ன எங்க துப்பாக்கியெல்லாம் இனி யாரு பார்க்கிறது?" என்றான் கோர்பினியன். சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அங்கிருந்து நேரே நோட்புர்கா வீட்டுக்கு நடந்தேன். வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டார்.

"எல்லார் முன்னாடியும் சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னைக் கேவலப்படுத்தினப்ப நான் அங்க இருந்தேன். தப்புன்னு ஒத்துக்கிட்டப்ப நான் இல்ல."

சனிக்கிழமை துப்பாக்கியோடு கடைக்கு வருவதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

9 நவம்பர், சனி

நோட்புர்காவும் மகளும் வந்தார்கள். போல்ட்டுகளை மாற்றிப் போட்டேன். அளவுக் கட்டையை வைத்துச் சோதித்தேன். இரண்டுமே இம்மி பிசகாமல் பூட்டின. மகள் போல்ட்டை இரண்டு முறை இழுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

மதிப்பீட்டுத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

"நீ எழுத வேணாம், கிலியான்" என்றார் நோட்புர்கா. கோபமாகச் சொல்லவில்லை. "வேற நல்ல ஆள் இருந்தா சொல்லு."

வில்லாக் நகரில் இருக்கும் மதிப்பீட்டாளர் ஒருவரின் முகவரியை அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்தேன். இருபது வருடமாக நான் குறை சொல்லிவந்த ஆள். "அவர் நல்லாப் பார்ப்பார்" என்றேன்.