சந்தனம் பூசிய பலகை

கோரமண்டல் லைன், தங்கச் சுரங்கம்,
1906, புரட்டாசிக் கடைசி.

சௌபாக்கியவதி சம்பங்கிக்கு முனிரத்தினம் எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். மிஷன் பள்ளியில் எழுத்துக் கற்ற புண்ணியத்துக்கு இதை நீயே படித்துக்கொள், வாய்விட்டுப் படிக்காதே. உன் தம்பி வேலு கடிதத்துக்கு முன்பே குடியாத்தம் வந்து சேர்ந்திருப்பான்.

இங்கே மழை உண்டு, கூரைத் தகரம் ஒழுகவில்லை. ஆடு குட்டி போட்டது. நான் சமைப்பதை நானே தின்கிறேன். வேறு யாரும் தின்ன மாட்டார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் அப்படி என்ன பலகை என்று சலித்துக்கொண்டாயே, சொல்கிறேன். அடுப்பிலிருந்து சட்டியைத் துணி பிடித்து இறக்குகிறாய். துணியின் சட்டிப் பக்கம் சுடும், கைப்பக்கம் அவ்வளவு சுடாது. அந்த வித்தியாசம் தெரிந்தால், துணி வழியாக எவ்வளவு சூடு பாய்கிறது என்று சொல்லிவிடலாம். சுரங்கப் பாறையின் சூட்டை அளக்கும் எங்கள் பலகைதான் அந்தத் துணி. கெட்டி ரப்பரில் மெல்லிய தகடு. அதன்மேல் இரும்புக் கம்பியையும் ஜெர்மன் சில்வர் கம்பியையும் மாற்றி மாற்றிப் பற்றவைத்துச் சுற்றுகிறோம். ஒரு பற்று பாறைப் பக்கம், அடுத்தது காற்றுப் பக்கம். ஒரு பக்கம் சூடு கூடினால் கம்பியில் மின்சாரம் ஓடும். ஒரு ஜோடியில் வருவது ஒன்றுக்கும் காணாது. நூற்றுக்கணக்கில் கோத்தால்தான் அதை அளக்கும் பெட்டியிலுள்ள முள் அசையும். தகடு தடித்தால் அதுவே கம்பளி மாதிரிச் சூட்டை மறித்துவிடும். பாறையோடு ஒட்டாமல் இடையில் எது நின்றாலும் கணக்குப் பொய்.

ஆயுத பூஜையன்று ஆள் இறக்கும் கேஜ், பாறை துளைக்கும் டிரில், சுத்தியல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். துரையின் பெட்டி தூக்கும் வேலு இந்தப் பலகையையும் விடவில்லை. பாறையில் படும் முகத்தில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பிவிட்டான். மறுநாள் புதிதாய் வெட்டிய அடி லெவலில், இருட்டில், அதைப் பாறையில் கட்டியவனும் அவன்தான். துரை முள்ளை மட்டும் பார்த்தார். சூடு குறைவு, திங்கட்கிழமை ஷிப்டில் ஆட்களை இறக்கலாம் என்று உத்தரவு அனுப்பிவிட்டார். பெட்டி தூக்கி அலுத்துவிட்டது, டிரில் பிடிக்கிறேன் என்று வேலுவும் அந்த ஷிப்டுக்குப் பெயர் கொடுத்திருந்தான்.

பலகை திரும்பி வந்தபோது காய்ந்த சந்தனத்தைப் பார்த்தேன். அதற்கு ஒரு லெவல் மேலேயே சூட்டில் சுருண்டு விழுந்த ராஜப்பாவை எப்படித் தூக்கி வந்தார்கள் என்று உனக்குத் தெரியும். வேலுவைக் கேட்டேன். எல்லா மிஷினுக்கும் வெச்சாங்க, இத்த மட்டும் வுட்டா நல்லாருக்குமா மாமா என்றான்.

நேரே துரையிடம் போய்ச் சொன்னேன். துடைத்துவிட்டு மறுபடி கட்டிப் பார்த்தார்கள். முள் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடியது. காற்றுக் குழாய் போடும்வரை அந்த லெவலில் யாரும் இறங்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். யார் பூசினது என்று துரை கேட்டார். வேலுவே முன்னால் போய் நின்று நான்தான் என்றான். அன்றைக்கே வேலை போயிற்று.

சத்தம் போடாம தொடச்சி வெச்சா இன்னா மாமா, என் சோத்துல மண்ண போட்டுட்டீங்களே என்று கத்தினான். அதோடு பேச்சு நின்றது. ரயிலேற்றிவிடப் போனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். துடைத்து வைத்திருக்கலாம்தான். உத்தரவு போய்விட்டதே, திங்கட்கிழமை இறங்கியிருப்பானே! இதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவனுக்கு வயிறாரச் சோறு போடு. என்னைத் திட்டினால் நீயும் சேர்ந்து திட்டு, எனக்காகப் பரிந்து பேசாதே. நம் பிள்ளைக்குக் காது குத்தும் நாளில் தாய்மாமன் மடி வேண்டும். அன்றைக்கும் அவன் என் முகம் பார்க்காமலே உட்கார்ந்திருக்கட்டும் சம்பங்கி. மடி இருந்தால் போதும்.

உங்கள் மூவர் நலமும் வேண்டும்,
முனிரத்தினம்.