எலெனா ஆன்ட்டியைக் கூப்பிட்டது

அக்டோபர் 13, 1996. ஞாயிறு. சுகர் லேண்ட், அமெரிக்கா.

ஸ்பானிஷ் பூசை முடியும் நேரத்துக்கு சர்ச் வாசலில் எச்.ஐ.வி. பரிசோதனை வேன் வந்து நின்றது. அம்மா அதில் நர்ஸ். நான் பள்ளியில் ஸ்பானிஷ் படிப்பதால் நோட்டீஸ் கொடுக்கும் வேலை எனக்கு. எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர்கூட வேனில் ஏறவில்லை.

பாடற்குழுவில் பாடும் எலெனா ஆன்ட்டி மட்டும் நோட்டீஸை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். போன வருடம் அவர் கணவர் எலும்பும் தோலுமாகி இறந்தார். நிமோனியா என்றார்கள். இப்போது இவரும் இளைத்துக்கொண்டே வருகிறார்.

பூசை முடிந்து எல்லாரும் டோனட் வாங்க வரிசையில் நின்றபோது அவர் மெதுவாக வேன் படி வரை வந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எலெனா ஆன்ட்டி, இங்கேதான், வாங்க!" என்று ஸ்பானிஷில் கத்திவிட்டேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"தண்ணி கிடைக்குமான்னு கேக்க வந்தேன்மா" என்று சொல்லிவிட்டு அவர் காரை நோக்கி நடந்தார்.

"பார்ட்டியில ஆன்ட்டியைக் கூப்பிடற மாதிரியா பேரைச் சொல்லிக் கத்துவே?" என்றாள் அம்மா. "இப்பதான்டி நல்ல மருந்து வந்திருக்கு. டெஸ்ட் பண்ணினாத்தானே குடுக்க முடியும்?"

வேன் இனி டிசம்பரில்தான் வரும். பாடற்குழு லிஸ்டில் அவருடைய போன் நம்பர் இருக்கிறது. ஆனால் அவரோடு இருக்கும் மாமியார் போனை எடுத்தால், என்ன விஷயம் என்று கேட்பாரே.