தோலில் சுற்றிய நோட்டுகள்

செம்பூர், பம்பாய்,
ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் மெஹக்குக்கு வாப்பா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கடைக்குப் போய் வந்துகொண்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். அந்த ஹாலிஃபாக்ஸ் பனியில் நீயும் மருமகன் பைசானும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று விவரமாக எழுது. ஃபோனில் கேட்டால் ஃபைன் வாப்பா என்கிறாய், அது பதில் இல்லை. இதையும் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மீட்டிங் வந்துவிடும், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை பேசலாம் என்பாய். கடிதத்தை யாரும் நடுவில் வெட்ட முடியாது. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதால் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன், பொறுமையாகப் படி.

உம்மாவின் காலேஜ் நோட்டுகளைக் கொடுத்தாயிற்றா என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய், நானும் மூன்று தடவை பேச்சை மாற்றிவிட்டேன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அந்தக் காலத்து மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்து எழுதிய நோட்டுகளைச் சேர்த்துப் பாதுகாக்கும் இடம் ஒன்று ஃபோர்ட் பக்கம் இருக்கிறது என்று நெட்டில் பார்த்தாய், என் பேரையும் நம்பரையும் அவர்களிடம் கொடுத்தாய், என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கிருந்து ஷ்யாமளா என்று ஒரு பெண் ஃபோன் பண்ணி, உங்கள் மனைவி ரஷீதா எழுதிய நோட்டுகள் வேண்டும் என்றபோது, இது ஏதோ பேங்க் நம்பர் கேட்கிற புதுவிதத் திருட்டு என்று நினைத்து, மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவள் பேரை வைத்துமா பிழைக்கிறீர்கள் என்று திட்டிவிட்டு வைத்துவிட்டேன். அது மறுநாளும் கூப்பிட்டு, அங்கிள், நேற்று திட்டினது முடிஞ்சுதா, இல்லை பாக்கி இருக்கா என்று தமிழில் கேட்டது. மாட்டுங்காத் தமிழ்ப் பெண். அந்தப் பேச்சுக்காகவே போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சரக்கு எங்கே போய் இறங்குகிறது என்று பார்க்காமல் நான் கடையிலிருந்து ஒரு தோல் பர்ஸைக்கூடக் கொடுத்ததில்லை. அதனால் ஒரே ஒரு நோட்டைச் சாம்பிளாகப் பையில் போட்டுக்கொண்டு ஹார்பர் லைன் ரயிலில் ஏறி சிஎஸ்டியில் இறங்கி நடந்தேன். அறையைப் பார்த்தேன். சுவரில் கை வைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. மழைக்காலத்தில் தோலுக்குப் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்ற நான் படாத பாடு படுகிறேன், அங்கே அதற்கென்றே ஒரு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. என் கடைச் சரக்கையும் இங்கே வைக்க வாடகைக்கு இடம் தருவார்களா என்று மனதில் ஓடியது உண்மை. நூறு வருஷத்துக்கு முந்திய நோட்டு ஒன்றை ஷ்யாமளா எடுத்துக் காட்டினாள். யாரோ ஒரு மராட்டிப் பையன், ரசாயனப் பாடத்தை இங்கிலீஷில் முத்து முத்தாக எழுதிக்கொண்டே வந்து, ஓரத்தில் மராட்டியில், பசிக்கிறது, இவர் முடிக்கமாட்டார் போலிருக்கிறது என்று எழுதியிருக்கிறான். அவனும் இல்லை, அவன் வாத்தியாரும் இல்லை, பசி மட்டும் இருக்கிறது. பகல் வேலை முடித்து ராத்திரிக் காலேஜில் படித்தவர்களுடைய நோட்டு, அதிலும் ஒரு பொம்பளையுடையது, இங்கே ஒன்றுகூட இல்லை அங்கிள், யாரும் பத்திரப்படுத்தவில்லை என்றாள். நான் பத்திரப்படுத்தியிருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொண்டு, கொண்டுபோன நோட்டின் கட்டைப் பிரித்தேன்.

உனக்குத் தெரியும், உம்மா போனபிறகு அந்த நோட்டுகளைக் கடையில் இருந்ததிலேயே நல்ல ஆட்டுத் தோலாகப் பார்த்துத் தனித்தனியாகச் சுற்றி வைத்தேன். தோல் காயக்கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் நோன்புக்கு முன்பு எண்ணெய் தடவினேன். தோல்காரனுக்கு வேறென்ன தெரியும். பிரித்தால் எண்ணெய் அட்டையைத் தாண்டி உள்ளே இறங்கி, முதல் இரண்டு பக்கமும் வடை மடித்த பேப்பர் மாதிரிக் கண்ணாடியாகி, எழுத்து மங்கிக் கிடக்கிறது. ஷ்யாமளா பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மிச்சம் எல்லாவற்றையும் பிரித்தேன். கட்டிலில் உம்மா படுக்கிற பக்கத்தில் விரித்து வைத்து ஃபேனைப் போட்டேன். பக்கமெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டன. உம்மா போய் மூன்று நோன்பு கழிந்துவிட்டது, இத்தனை நாளில் அன்றைக்குத்தான் இந்த வீட்டில் என்னைத் தவிர இன்னொரு சத்தம் கேட்டது. தாராவியில் இருந்தவரை தனிமை என்ற வார்த்தைக்கே வேலையில்லை. நான் தும்மினால் பக்கத்து வீட்டில் யர்ஹமுகல்லாஹ் என்று பதில் சொல்வார்கள். வசதி வசதி என்று நீ சொல்லி செம்பூருக்கு வந்தோம். வசதிதான், கதவைச் சாத்தினால் தும்மல் என்னிடமே திரும்பி வருகிறது. கீழ்வீட்டு நூர் நிஷா மாமி மட்டும் வெள்ளிக்கிழமை கறி கொடுத்தனுப்பும். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, இருப்பதைச் சொன்னேன்.

என்னிடம் இருந்தால் கெட்டுவிடும் என்று தெரிந்தபின் வைத்துக்கொள்வது முறையில்லை, கொடுத்துவிடலாம் என்று முடிவு பண்ணினேன். அங்கே ஒரு சிக்கல். உம்மா தமிழ் மீடியத்தில் படித்தவள், காலேஜில் பாடம் இங்கிலீஷில். வாத்தியார் பேசுகிற வேகத்துக்கு இங்கிலீஷ் எழுத்து அவளுக்கு ஓடாது. அதனால் அவர் பேசிய இங்கிலீஷை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறாள். ஷ்யாமளா மூன்று தலைமுறையாக பம்பாய், தமிழ் பேசும், ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. எனக்கு எழுத்து தெரியும், இங்கிலீஷ் அரைகுறை. கடைசியில் நான் சத்தமாக வாசிப்பது, அவள் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடிப்பது என்று ஏற்பாடாயிற்று. வியாழக்கிழமைதோறும் போகிறேன். கடைப் பையன் அஸாருதீனுக்கு இதுதான் இப்போது தமாஷ். யாராவது என்னைத் தேடி வந்தால், பாய் காலேஜுக்குப் போயிருக்கிறார், பரீட்சை நெருங்கிவிட்டது என்கிறானாம்.

நான் வாசிப்பேன், தி பிரைஸ் ஆஃப் எ கமாடிட்டி என்று. ஒரு சரக்குக்கு விலை எப்படி அமைகிறது என்று அவள் அதை எனக்குத் தமிழில் விளக்குவாள். இதைத்தானே நான் தினமும் கல்லாவில் உட்கார்ந்து செய்கிறேன், இதற்கு மூன்று வருஷமா என்று சிரித்தேன். ஆனால் ஓரத்தில் சுத்தத் தமிழில் உம்மா சின்னதாக எழுதியிருப்பது வந்தால் அதை மட்டும் இரண்டு தடவை வாசிப்பேன். ஒரு இடத்தில், இன்று எழுந்து சந்தேகம் கேட்டேன், யாரும் சிரிக்கவில்லை என்று இருக்கிறது. அவ்வளவுதான், அடுத்த வரியில் மறுபடி பாடம். அந்த மூன்று வருஷமும் மாட்டுங்காவில் அந்த ராத்திரிக் காலேஜ் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு நான்தான் காத்து நின்றேன். வெளியே வந்ததும் என்ன நடந்தது என்று கேட்பேன், ஒன்றுமில்லை, பாடம்தான், வீட்டுக்குப் போகலாம் என்பாள். இந்த நோட்டு வழியாக இப்போதுதான் நான் கேட்டுக்கு உள்ளே போயிருக்கிறேன், வெளியே வந்து சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மற்ற எல்லா நோட்டும் அங்கே போய்விட்டது, கடைசி நோட்டு மட்டும் வீட்டில் இருக்கிறது. இந்த வேலைக்கென்று அவர்களுக்கு வந்த பணம் இந்த மாதத்தோடு முடிகிறது, அதற்குள் கொடுத்தால்தான் கணக்கில் சேரும் என்று ஷ்யாமளா சொல்லிவிட்டாள். நான் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு வாரம் மழை என்றேன், ஒரு வாரம் முழங்கால் என்றேன். அவள், அங்கிள், மழை எங்கள் ஆபீஸ் பக்கம் பெய்யவே இல்லையே என்றாள். நீ பெருநாளுக்கு வருகிறேன் என்றாய், பிறகு லீவு இல்லை என்றாய், பிறகு டிசம்பர் என்றாய். நீ வந்தால் இருவரும் சேர்ந்து வாசிக்கலாம் என்றுதான் அதைப் பிடித்து வைத்திருந்தேன். விலை ஏறட்டும் என்று சரக்கைப் பதுக்குகிற வேலை அது. வெங்காயத்தில் செய்யலாம், உன் உம்மாவை வைத்துச் செய்யக்கூடாது. அதனால் இந்த வியாழக்கிழமை நோட்டைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் ஷ்யாமளாவிடம் ஒன்று பேசி முடித்திருக்கிறேன். நோட்டின் படம் ஒரு பிரதி எனக்குத் தருவாள். அதை நான் உனக்கு ஃபோனில் வாசிப்பேன், நீ அங்கே கேட்டு இங்கிலீஷில் அடித்து அவளுக்கு அனுப்ப வேண்டும். வாரத்தில் ஒரு தடவை, அரை மணி நேரம், உனக்குக் காலையோ எனக்குக் காலையோ, நீ சொல்கிற நேரம். எனக்குப் புரியாததை நீ சொல்லிக்கொடு. ஓரத்தில் இருக்கிற தமிழை நான் சொல்கிறேன். முடியும் என்றால் முடியும் என்று சொல். முடியாது என்றால் அதையும் நேராகச் சொல், எனக்கு வருத்தம் இருக்கும், கோபம் இருக்காது, ஷ்யாமளாவே கேட்டு அடித்துக்கொள்வாள். பார்க்கலாம் வாப்பா என்று மட்டும் சொல்லாதே. இத்தனை வருஷ வியாபாரத்தில், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போன ஒருவரும் என் கடைக்குத் திரும்பி வந்ததில்லை.

உனக்கும் மருமகனுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளையும் உடம்பில் பலத்தையும் கையில் பரக்கத்தையும் தருவானாக. தொழுகையை விடாதே, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. உம்மாவுக்காக துஆ செய். எனக்காகவும்.

உன் பதிலை எதிர்பார்க்கும் வாப்பா,
கா. நஜிமுதீன்