கட்டிக் கொடுத்த ஊர்கள்

15 ஜூன் 2024, சனி

ஒரத்தநாடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். டாக்டர் நிலோஃபர் சனிக்கிழமைதோறும் ஆன்லைனில் பயிற்சி எடுக்கிறார் — பரம்பரையாக வரும் புற்றுநோயைக் கிராமத்திலேயே அடையாளம் காண்பது பற்றி. எங்கள் பேப்பருக்கு அரைப் பக்கம் எழுத வேண்டும். பயிற்சியின் வீட்டுப்பாடம் ஒரு குடும்ப வரைபடம்: மூன்று தலைமுறை, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் குறுக்குக் கோடு. "எந்த வீட்டுப் படத்துலயும் வட்டமே வர மாட்டேங்குது சார்," என்றார். "கட்டிக் கொடுத்துட்டா பொண்ணு வேற வீடாம். சேத்தே சொல்ல மாட்டாங்க."

22 ஜூன்

ராசம்மாள், நாற்பத்தைந்து வயது, கண்ணுசாமி என்ற விவசாயியின் மனைவி. மார்பில் பட்டாணி அளவு கட்டி. நான் அருகில் இருக்கச் சம்மதித்தார். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றார். டாக்டர் கேள்வியை மாற்றினார்: "கூடப் பொறந்தவங்கள எந்தெந்த ஊருக்குக் கட்டிக் கொடுத்தாங்க?"

உடனே வந்தது. "திருவையாத்தக்கா நாப்பத்தொரு வயசுல போச்சு. பேராவூரணியக்கா மறு வருசம். ரெண்டு பேருக்கும் இதே எடத்துலதான்." பிறகு பாபநாசத்துச் சித்தி. மூன்று வட்டங்கள், மூன்று கோடுகள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஜூலை 3, தஞ்சாவூரில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. சீக்கிரம் வந்ததால் பிழைத்துக்கொள்வார் என்றார்.

எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க சார், நாலு பேருக்கு உதவும். எம் பேரு மட்டும் வேணாம். மவளுக்கு ஆவணியில கல்யாணம்."

30 ஜூன், ஞாயிறு

வெளிவந்தது. எல்லாப் பெயர்களையும் மாற்றினேன். அக்காக்களைக் கட்டிக் கொடுத்த ஊர்களை மட்டும் விட்டுவைத்தேன். டாக்டரின் கேள்விதான் கட்டுரையின் உயிர்.

1 ஜூலை

ராசம்மாள் ஊர் டீக்கடையில் கட்டுரையைச் சத்தம் போட்டுப் படித்திருக்கிறார்கள்; யாரென்று உடனே தெரிந்துவிட்டது. டாக்டர் போனில் சொன்னது: "இங்க பொம்பளைய யாரு சார் பேர் சொல்லிக் கூப்புடுறா? கட்டிக் கொடுத்த ஊருதான் அவங்க பேரு."

முப்பத்தொரு வருடம் இந்த மாவட்டத்தில் எழுதுகிறேன். என் சொந்த அத்தையின் பெயர் எனக்குத் தெரியாது. மன்னார்குடி அத்தை.

2 ஜூலை

ராசம்மாள் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் முந்திக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். "சீர் லிஸ்ட்டுல இத எழுதலையே சம்பந்தி. பொண்ணத் தர்றீங்களா, நோயத் தர்றீங்களா?"

கண்ணுசாமி என்னைக் கை காட்டினார். "எழுதுனவரே வந்துட்டாரு. கேளுங்க. நாங்களா அது?"

இல்லை, வேறு குடும்பம் என்றேன்.

3 ஜூலை

ராசம்மாள் ஸ்கேனுக்கு வரவில்லை.

14 ஜூலை

டாக்டருடன் போனேன். கண்ணுசாமி வாசலிலேயே நிறுத்தினார். "ஆஸ்பத்திரிக்குப் போனா அது நாங்கதான்னு ஆயிடும். நாங்க இல்லன்னு இவரே சொல்லிட்டாரு. அப்பறம் என்ன டாக்டரம்மா?"

உள்ளேயிருந்து மகள் செம்மொழி: "எனக்குக் கல்யாணமே வேணாம்பா. அம்மாவக் கூட்டிட்டுப் போங்க."

ராசம்மாளின் குரல்: "வாய மூடுடி. எனக்குக் கட்டியே இல்ல."

அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால்? கல்யாணம் நின்றிருக்கும். அவ்வளவுதானே. இப்போதும் சொல்லாமல் டாக்டருடன் திரும்பினேன்.

8 செப்டம்பர்

கல்யாணம் நடந்தது.

19 அக்டோபர்

டாக்டருக்குப் பயிற்சிச் சான்றிதழ் வந்துவிட்டது. அந்த ஊரில் இப்போது யாரும் வாய் திறப்பதில்லையாம். "எனக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாது டாக்டர்," என்றாளாம் நேற்று ஒருத்தி. அவள் தங்கை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

11 பிப்ரவரி 2025

ஒரத்தநாடு பஸ் ஸ்டாண்டில் செம்மொழி. நான்கு மாதக் கர்ப்பம். அம்மாவுக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை என்றாள். இப்போதாவது கூட்டிப் போ என்றேன்.

"எப்புடி சார்? அன்னிக்கு நீங்க சொன்ன பொய்யிலதான் நான் அந்த வீட்டுல இருக்கேன்."

பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

23 நவம்பர் 2025, ஞாயிறு

கண்ணுசாமி அலுவலகத்துக்கு வந்தார். ராசம்மாளுக்குக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம். கவுண்டரில் ஆள் இல்லாததால் நானே எழுதிக்கொண்டேன். வயது நாற்பத்தாறு. மாரடைப்பால் காலமானார். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார்.

"இதுலயாவது நாங்க சொல்றத மட்டும் போடுங்க," என்றார்.

அப்படியே அச்சுக்கு அனுப்பினேன்.