தரையில் ஒருவர்

மார்ச் 3, செவ்வாய்

இன்றைக்கு ஒரு கிழவரும் விழவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு எனக்குச் சம்பளம்.

மத்தியானம் போய் உட்கார்ந்தால் ராத்திரி வரை, கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் முதியோர் இல்லத்தின் அறைகளைத் திரையில் பார்க்கவேண்டும். யாராவது விழுந்தால் சிவப்பு எழுத்தில் ‘தரையில் ஒருவர்’ என்று வரும். நிஜமாகவே விழுந்தாரா, செருப்பைத் தேடிக் குனிந்தாரா என்று பார்த்துப் பொத்தானை அழுத்தினால் அங்கே நர்ஸ் ஓடுவார். சத்தம் கிடையாது. முகங்களை மெஷினே மங்கலாக்கிவிடும், அவர்கள் மானம் போகக்கூடாதாம். கிழவர் பனியனோடு நடப்பதை நான் பார்க்கலாம், மூக்கை மட்டும் பார்க்கக்கூடாது!

“டெக்னாலஜி நம்ம எல்லாரையும் சேத்து வச்சிருக்குங்க, உலகமே ஒரே குடும்பம்” என்று இன்றைக்கும் ஆரம்பித்தார் டீம் லீடர். அவருக்கு உலகக்குடும்பம் என்றே பெயர் வைத்துவிட்டேன். அங்கே கிழடுகள் ஏராளம், தூக்கிவிட ஆள் இல்லை. இங்கே ஆள் ஏராளம், வேலை இல்லை. அதனால் அவர்கள் கிழவருக்கு என் கண்ணை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். என்ன குடும்பமோ, உள்ளே நுழையும்போது போனை லாக்கரில் பூட்டச் சொல்கிறது.

மார்ச் 5, வியாழன்

தம்பி பார்சல் அனுப்பியிருக்கிறான். கேமரா. அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காம்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். நான் வேலைக்குப் போனால் அவர் தனி. மாடிவீட்டு அக்கா நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான். “நீ இல்லாத நேரம் விழுந்துட்டா என்னக்கா பண்றது? நல்ல ஹோமா பாத்துச் சேத்துடலாம்” என்று தம்பி ஒரு வருஷமாக அரிக்கிறான். அப்பாவிடம் சொன்னதற்கு, “செத்தப்புறம் தூக்கிட்டுப் போங்க, அதுக்கு முன்னாடி ஒருத்தன் என்னைத் தொடக்கூடாது” என்றார்.

தம்பிக்கு எல்லாமே ஹோம்தான். நான் திரையில் பார்க்கிறேனே, அந்த இல்லத்தில்தான் அவன் மேனேஜர். எனக்கு இந்த வேலைக்கு வழிகாட்டியதே அவன்தான். பால்காரர் முதல் டாக்டர் வரை “பையன் ஃபாரின்ல மேனேஜர்” என்று அப்பா பீற்றிக்கொள்ளாத ஆள் பாக்கியில்லை. இங்கே இருந்தவரை அப்பாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுக்காத பிள்ளை.

ஆக, அவன் ஊர்க் கிழவர்களை நான் பார்க்கிறேன். என் அப்பாவை அவன் பார்ப்பான். நடுவில் கேமரா விற்றவன் நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 11, புதன்

கேமராவோடு ஒரே கூத்து. அப்பா தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர். அவர் உட்கார்ந்த உடனே தம்பி போனில் மணி அடிக்கிறது. அவன் பதறிக்கொண்டு எனக்கு அடிக்கிறான்.

“அக்கா, அப்பா விழுந்துட்டாரா?”

“சாப்பிடறாருடா.”

சாப்பிட்டாலும் விழுந்தார். வெயிலுக்குத் தரையில் படுத்தாலும் விழுந்தார். மனுஷன் தானாக ஆசைப்பட்டுத் தரையில் உட்காருவான் என்பதே அந்த மெஷினுக்குத் தெரியாது. நாற்காலிக்காரர்கள் படிக்கவைத்த பிள்ளை அது! விஷயம் தெரிந்ததும் அப்பா வேண்டுமென்றே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறார். “பையன் என்னைப் பத்தியே நெனச்சுக்கிட்டிருக்கட்டும்.”

நேற்று அவன் மணியையே அணைத்துவிட்டானாம். “சும்மா அப்பப்ப தொறந்து பாத்துக்கறேன்க்கா.”

இதற்குத்தான் அத்தனை ஆர்ப்பாட்டம்.

மார்ச் 20, வெள்ளி

“அப்பாகிட்ட ஏன்க்கா கத்துன? பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.”

வந்து நீ குளிப்பாட்டுடா என்றேன். தம்பி போனை வைத்துவிட்டான். என் வீட்டிலேயே எனக்கு ஒரு சூப்பர்வைசர்.

மார்ச் 28, சனி

இல்லத்தின் கீழ்த்தளத்து அறைகளைப் பார்க்க என்னை மாற்றினார்கள். நேற்றே தம்பியிடம் போனில் சொன்னேன். ஏனோ பேச்சை மாற்றிவிட்டான்.

ஏனென்று இன்றைக்குத் தெரிந்தது. நீலச் சட்டை போட்ட உதவியாள் ஒருவன் படுத்த படுக்கையான கிழவர் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். முகம் மங்கல்தான். ஆனால் ஒற்றைக்காலில் நின்று, மற்றப் பாதத்தை முட்டியில் ஊன்றிக்கொண்டு வேலை செய்கிறவன் உலகத்தில் என் தம்பியை விட்டால் எத்தனை பேர்? மேனேஜராம்! கேமரா பக்கம் திரும்பவேயில்லை. நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நடந்தான்.

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்பாவிடம் போய்ச் சொல்லவேண்டும், எங்கே உங்கள் மேனேஜர் என்று கேட்கவேண்டும் என்று துடித்தேன். ஆனால் அவன் ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வாய்க்கும் அந்தக் கிழவர் விழுங்கும்வரை காத்திருந்தான். துண்டை நனைத்துத் தாடையைத் துடைத்தான். என் வயிறு எரிந்தது. சத்தியமாக எரிந்தது. யாரோ ஒரு கிழவனுக்கு! என் அப்பா என்னடா பாவம் பண்ணினார்?

அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரியாது.

ஏப்ரல் 9, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா உள்ளே தூங்குகிறார்.

நேற்றுச் சாயங்காலம். திரையில் தம்பி கிழவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் போனைத் திறந்து பார்த்தான். சட்டென்று எழுந்தான். கிண்ணம் கீழே விழுந்தது. போனைக் காதில் வைக்கிறான், எடுக்கிறான், வைக்கிறான். என் போன் லாக்கரில் கிடக்கிறதே! திடீரென்று இத்தனை நாள் முதுகு காட்டியவன் நேராகக் கேமராவுக்குக் கீழே வந்து நின்றான். கையைக் கையை ஆட்டினான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முகம் இருந்தாலாவது புரிந்திருக்கும், இருந்ததோ வெறும் மங்கல்.

அப்புறம் அவன் தரையில் படுத்தான். இடது பக்கமாக, ஒரு காலை மடக்கி, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு. அசையவேயில்லை.

‘தரையில் ஒருவர்.’ சிவப்பு எழுத்து மின்னியது. என் விரல் பொத்தான்மேல். கட்டிலில் இருந்த கிழவர்கூட எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் உறைத்தது. ஐயோ, அப்பா.

எழுந்து ஓடினேன். “மேடம், அலர்ட் அப்படியே நிக்குது, சீட்ட விட்டுப் போகக்கூடாது” என்று உலகக்குடும்பம் குறுக்கே வந்தார்.

“எங்கப்பா விழுந்துட்டாரு.”

“போன் லாக்கர்ல இருக்கு, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உங்க குடும்பத்துலேருந்துதான் சொல்லி அனுப்பினாங்க, தள்ளுங்க!”

அப்பா அடுக்களை வாசலில் கிடந்தார். இடது பக்கமாக, ஒரு காலை மடக்கி, ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு. மாடிவீட்டு அக்கா ஊரில் இல்லை. நான் மட்டும் வராமல் இருந்திருந்தால் ராத்திரி வரை அப்படியே கிடந்திருப்பார்.

என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “தம்பிக்குச் சொல்லிடாதம்மா. ஹோம்ல போட்டுடுவான்.”

இடுப்பெலும்பு முறிவு. நாளைக்கு ஆபரேஷன்.

ஏப்ரல் 17, வெள்ளி

வேலை போய்விட்டது. காரணம்: எச்சரிக்கை வந்தபோது இருக்கையில் இல்லாமை. கடிதத்தின் கடைசியில் ‘நமது உலகக் குடும்பத்தின் வாழ்த்துகளுடன்’ என்று போட்டிருக்கிறது. கூச்சமே இல்லாத ஜென்மங்கள்.

தம்பிக்கும் எச்சரிக்கை ஓலை கொடுத்திருக்கிறார்கள், பொய்யாக விழுந்து காட்டியதற்காக. சாப்பிட உட்கார்ந்த அப்பா விழுந்தவராம், அவருக்காக விழுந்தவன் பொய்யனாம். லீவு போட்டு வருகிறான்.

மே 6, புதன்

வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். அந்த இல்லத்துக் கேமராவைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மே 24, ஞாயிறு

அப்பாவைப் புரட்டிப் படுக்கவைப்பதுதான் பெரும்பாடு. நான் தொட்டாலே கத்துவார். காலையில் தம்பி ஒரு துண்டைச் சுருட்டி முட்டிகளுக்கு நடுவில் வைத்தான். தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, காதில் ஏதோ சொல்லிக்கொண்டே, ஒரே சீராகத் திருப்பிவிட்டான். அப்பாவிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

“மேனேஜருக்கு இதெல்லாம் யாருடா சொல்லிக்குடுத்தாங்க?” என்று கேட்டார் அப்பா.

நான் போர்வையை மடிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

“நான் மேனேஜர் இல்லப்பா. இதுதான் என் வேலை.”

அப்பா திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“இவளுக்கும் சொல்லிக்குடுத்துட்டுப் போ” என்றார். “இவ மாவு மூட்டையை உருட்டற மாதிரி உருட்டறா.”

தம்பி புதன்கிழமை திரும்பிப் போகிறான், அவனுடைய கிழவர்களிடம். ஹோம் பேச்சை அவன் எடுக்கவில்லை. மத்தியானம் என் கைமேல் தன் கையை வைத்து எங்கே பிடிப்பது, எங்கே அழுத்தக்கூடாது என்று காட்டினான். “அவசரப்படாதக்கா, அவர் மூச்ச விடட்டும், அப்புறம் திருப்பு.” எனக்கே உபதேசம்!

சாயங்காலம் நானே திருப்பினேன். அப்பா கத்தவில்லை.