நீல நூல் கட்டிய குழல்

ஜூன் 3

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இப்படிக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். ஃபோனில் பேசினால் நீங்கள் ஏதாவது சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே ஃபோனை வைத்துவிடுவேன். காகிதத்தில் அந்தப் பயம் இல்லை.

எல்லோரும் நலம். அப்பா இந்த வாரமும் லாரியோடு வெளியூரில்தான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அம்மாவை இஸ்திரி மேசையிலிருந்து துணி மடிக்கும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். முழங்காலுக்குக் கொஞ்சம் ஆறுதல். சித்தியின் பல்வலி எப்படி இருக்கிறது?

விஷயம் குழலைப் பற்றியது. ஜனவரியில் அம்மாவும் நானும் உங்கள் கடையில் ஆளுக்கொரு குழல் வாங்கினோமே, ‘மாணவர்களுக்கு ஏற்றது’ என்று எழுதிய பெட்டியிலிருந்து, வால் பக்கம் நீல நூல் சுற்றியவை. அம்மா இரண்டு மாதம் மாலை வகுப்புக்கு வந்துவிட்டு நின்றுவிட்டார். நான் விடாமல் போய்க்கொண்டிருந்தேன்.

போன வாரம் எங்கள் குழல் டீச்சர் (என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார், அவ்வளவுதான்) என் குழலை வாங்கி ஊதினார். துடைத்துவிட்டு மறுபடி ஊதினார். சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு இன்னொரு முறை.

“இத்தனை நாள் இதுலயா வாசிச்சீங்க?”

“ஆமா டீச்சர். எனக்குத்தான் மூச்சு சரியா வரல.”

“மூச்சு என்னங்க பண்ணும்? துளையே தப்பான இடத்துல இருக்கு. யார் ஊதினாலும் மூணாவது சுரம் சேராது. இது கழிச்சுப் போட்ட குழல்.”

கழித்துப் போட்டது என்றதும் எனக்கு உங்கள் கடைதான் நினைவுக்கு வந்தது. கட்டுக் கட்டாக வரும் குழல்களைக் கடை அக்கா ஒவ்வொன்றாக ஊதிப் பார்ப்பார். சேர்ந்தது கண்ணாடி அலமாரிக்குப் போகும். சேராததற்கு நீல நூல் சுற்றிப் பெட்டியில் போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நீலம் என்றால் புதியவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் நினைத்தது தவறா என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்

ஜூன் 11

எங்கள் வீட்டுப் பட்டதாரிக்குச் சித்தப்பாவின் ஆசிகள்.

உன் கடிதத்தைச் சித்திதான் சத்தமாக வாசித்தாள். கலெக்டர் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது என்றாள். பல்லைப் பிடுங்கியாயிற்று, இப்போது முன்னைவிட அதிகமாகப் பேசுகிறாள்.

நீல நூல் விஷயத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை. சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் குழலைக் கச்சேரிக்காரன் வாங்க மாட்டான். அதைத் தூக்கி அடுப்பிலா வைப்பது? படிக்கிற பிள்ளைகளுக்கு அது போதும். முதல் வருஷம் எல்லோரும் அபசுரமாகத்தான் ஊதுவார்கள். அந்த அபசுரத்துக்கு ஒரு நல்ல குழல் வேறு கேடா? கை பழகியதும் நல்லதாக வாங்கிக்கொள்ளட்டும். என் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

அண்ணி விட்டதற்கும் குழலுக்கும் முடிச்சுப் போடாதே. அண்ணிக்குச் சுருதி பிடிக்கும் காது இல்லை, அவ்வளவுதான். அன்று உங்கள் வீட்டில் அவர்கள் ஊதிக் காட்டியபோது எல்லோருக்கும் முன்னால் அதை விளையாட்டாகச் சொன்னேன், அவர்களும் சிரித்தார்களே. அவர்களுடைய குழல் இப்போது ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கிறதாமே. அதற்காவது ஒரு உத்தியோகம் கிடைத்ததே.

சித்தப்பா

ஜூன் 16

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அலுவலகத்தில் தட்டச்சு செய்வதெல்லாம் தப்புத் தப்பாக வருகிறது. பெரியவர்களிடம் இப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் பேசுகிறேன்.

கை பழகியவருக்குக் குழல் கோணலாக இருந்தால் அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார், கீழே வைத்துவிடுவார். புதிதாக வருபவருக்கு எது குழலின் பிழை, எது தன் பிழை என்று எப்படித் தெரியும்? தன்னைத்தான் சந்தேகப்படுவார். அவரிடம் போய்த் தப்பான குழலைக் கொடுத்துவிட்டு ‘அது போதும்’ என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எங்கள் வகுப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிறையப் பேர் கையில் நீல நூல் இருக்கிறது. வீட்டில் “ஒழுங்கா ஊதத் தெரியல, இதுல ஆசைக்கு மட்டும் குறைச்சல் இல்ல” என்று திட்டு வாங்கிவிட்டு வருகிறார்கள்.

எங்களுக்குக் குறைந்த விலையில்தான் வேண்டும். அதில் வெட்கமில்லை. டீச்சர் இப்போது எனக்குக் கொடுத்திருப்பது பிளாஸ்டிக் குழல். உங்கள் பெட்டியில் இருப்பதைவிட விலை குறைவு. எல்லாத் துளையையும் மூடி ஊதினால் அடிச் சுரம் திணறாமல் வருகிறது, மேல் ஸ்தாயியில் ஊதினாலும் அதே சுரம் பிசகாமல் நிற்கிறது, என் விரலுக்குத் துளைகள் எட்டுகின்றன. வாங்கும்போது இந்த மூன்றையும் பார்க்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் சொல்லியிருக்கலாம். நாங்கள் வேற்று ஆட்களா?

இன்னொன்று. முதல் வாரத்திலேயே அம்மா மூன்றாவது சுரத்தில் வந்து வந்து நின்றுவிடுவார். “இது சேரலையேடி” என்பார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருந்தேன். காது இல்லாதவள் நான்தான் சித்தப்பா. அம்மாவுக்குப் பிழை காதில் விழுந்ததால்தான் அந்த இடத்தில் நின்றார்.

அண்ணன் மகள்

ஜூன் 25

அன்பு மகளுக்கு,

சரி, கோபம் போதும். அப்பாவிடம் சொன்னாயா? சொல்லாதே. அண்ணன் தம்பிக்குள் ஒரு குழலுக்காக மனத்தாங்கல் வேண்டாம்.

இத்துடன் ஒரு குழல் அனுப்புகிறேன். கண்ணாடி அலமாரியிலிருந்து நானே எடுத்தது. அண்ணியிடம் கொடு. பழையது ஈரத்தில் கோணிவிட்டது என்று சொல்லிவிடு, நீல நூல் கதையெல்லாம் எதற்கு? பெட்டியையும் ஒழுங்கு செய்துவிட்டேன்.

பிளாஸ்டிக் குழலைப் பற்றி மட்டும் என்னிடம் பேசாதே. அதற்குத் தண்ணீர்க் குழாய் விற்பவன் கடைக்குப் போகச் சொல் உன் டீச்சரை.

சித்தப்பா

ஜூலை 2

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

குழல் வந்து சேர்ந்தது. ஊதிப் பார்த்தேன். நல்ல குழல். துணியில் சுற்றி என் மேசையிலேயே வைத்திருக்கிறேன், அம்மாவிடம் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி உங்கள் கடைக்கு வந்தேன். உள்ளே வரத் தைரியம் இல்லாமல் எதிரே செருப்புக் கடை வாசலில் நின்றேன். அந்தப் பெட்டி அதே இடத்தில் இருந்தது, அதே எழுத்தோடு. கடை அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் நீல நூலை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டிய குழல் மறுபடி அதே பெட்டிக்குள் போனது. நீங்கள் ஒழுங்கு செய்தது இதைத்தானா? நூல் இருந்தவரை பார்க்கத் தெரிந்தவர்களுக்காவது ஒரு அடையாளம் இருந்தது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் அம்மாவோடு வந்து ஒன்று வாங்கிப் போனாள். போகிற வழியெல்லாம் அதை முகர்ந்து பார்த்துக்கொண்டே போனாள். நான் ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே நின்றுவிட்டேன். அந்த எரிச்சலும் சேர்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஈரத்தில் கோணியது என்று அம்மாவிடம் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“குழல்தாம்மா தப்பு, நீ இல்ல.”

“படிச்ச புள்ள, அடுத்தவங்க மனசு நோகாம பேசக் கத்துக்கிட்ட.”

“நெசமாம்மா. டீச்சரே சொன்னாங்க.”

“அவங்களுக்கு ஃபீஸ் வரணும்ல. உங்க சித்தப்பா இருபது வருஷமா குழல் விக்கிறவர். அவரே சொல்லிட்டாரு, எனக்குக் காது இல்லன்னு. விடு.”

அதோடு பேச்சு முடிந்தது. அம்மா இப்போது துணி மடிக்கும்போது பாட்டு முணுமுணுப்பதுகூட இல்லையாம், ஏன் என்று கூட வேலை செய்யும் அக்கா என்னிடம் கேட்டார். உங்கள் ஒரு வரி வகுப்போடு நிற்கவில்லை, சித்தப்பா.

புது வகுப்பு இந்த மாதக் கடைசியில் தொடங்குகிறது. அதில் அம்மாவுக்கு என்று ஒரு இடத்தை டீச்சர் ஒதுக்கி வைத்திருக்கிறார். பெட்டியைப் பற்றி நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று அடுத்த சனிக்கிழமை உள்ளேயே வந்து பார்ப்பேன். செருப்புக் கடையில் நிற்க மாட்டேன்.

இவ்வளவும் எழுதியது இதைக் கேட்பதற்காகத்தான். முதல் கடிதத்திலேயே கேட்க நினைத்து, பயந்து விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார். அன்று சிரித்தவர்கள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். சித்தியோடு வாருங்கள். துணியில் சுற்றிய குழலை உங்கள் கையில் தருகிறேன், நீங்களே அம்மாவிடம் கொடுங்கள். “அண்ணி, உங்க காது சரியாத்தான் கேட்டிருக்கு. நான் கொடுத்த குழல்தான் தப்பு” என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள்.

சொல்லும்போது சிரிக்காமல் சொல்லுங்கள், சித்தப்பா.

உங்கள் அண்ணன் மகள்